கட்-ஆஃப் எத்தனை ஹெர்ட்ஸ் என்பதற்கு முன், வெட்டுவது யார்?

பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபரின் பின்புறத்தில் 40 முதல் 150 வரை எண்கள் பொறித்த ஒரு குமிழ் இருக்கிறது. எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவரின் மெனுவுக்குள் 40-இல் தொடங்கி 200, 250 வரை ஏறும் கிராஸ்ஓவர் பட்டியல் ஒன்று, அதாவது எந்த எண்ணுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற பட்டியல், இருக்கிறது. அதே மெனுவில் இன்னும் சற்று உள்ளே போனால், ஆழ்ந்த ஒலிகளுக்கென்றே தனியாகப் பதிவாகும் எல்எஃப்இ தடத்துக்கான லோ பாஸ் ஃபில்டர் என்று மூன்றாவதாக ஓர் எண் நிற்கிறது. மூன்றும் ஹெர்ட்ஸில்தான் பேசுகின்றன. மூன்றும் சப்வூஃபருக்குப் போகும் ஒலியைத்தான் தொடுகின்றன. புதிதாக 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும், அமைத்தவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனையில் வைப்பது?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு 80 என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடலாம், பாதிப் பேருக்கு அது சரியாகவும் இருக்கும். ஆனால் அதே 80-ஐ ரிசீவரில் வைத்தால் ஒரு விளைவும், சப்வூஃபரின் குமிழில் வைத்தால் வேறொரு விளைவும், இரண்டிலும் வைத்தால் மூன்றாவதாக ஒரு விளைவும் கிடைக்கும் என்பதால், வெட்டும் வேலையை எந்தப் பெட்டியிடம் ஒப்படைப்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இதற்குக் காரணம், லோ பாஸ் ஃபில்டர் என்பது வேலையில் பாதி மட்டுமே என்பதுதான். சப்வூஃபருக்குப் போகும் ஒலியின் மேல்பகுதியை அது குறைக்கிறது. குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள பேஸ் மற்ற ஸ்பீக்கர்களுக்குப் போகாமல் தடுக்கும் ஹை பாஸ் ஃபில்டர் மறுபாதி. இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் சப்வூஃபர் விட்ட இடத்தில் ஸ்பீக்கர் எடுத்துக்கொள்ளும். ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் ஒரே பேஸை இரண்டு இடங்களிலிருந்து கேட்க நேரிடும். லோ பாஸ் 60-இலும் ஹை பாஸ் 100-இலும் நின்றால் நடுவில் ஒரு பள்ளம் விழும். ஆகவே கீழே ஒப்பிடும் ஒவ்வொரு வழியையும், அதன் ஃபில்டர் எவ்வளவு நல்லது என்று பார்ப்பதோடு, அதற்கு ஜோடி இருக்கிறதா என்றும் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 80 ஹெர்ட்ஸில் வெட்டினால் 81-இல் ஒலி நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. ரிசீவர்களில் வழக்கமாக உள்ள ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவில், 80-இல் ஒலி 6 டெசிபல் குறைந்திருக்கும். ஓர் ஆக்டேவ் மேலே, அதாவது நம் இசைக் கணக்கில் ஒரு ஸ்தாயி ஏறி 160-க்கு வரும்போது, ஏறக்குறைய 25 டெசிபல் குறைந்திருக்கும். சரிவு 12 டெசிபல் மட்டுமே உள்ள ஃபில்டரில் அதே 160-இல் 12 டெசிபல்தான் குறையும். குமிழில் எழுதியிருக்கும் எண் ஒன்றாக இருந்தாலும் காதில் விழுவது ஒன்றாக இராது.

ரிசீவரிடம் விடுவது

முதல் வழி, எல்லா ஸ்பீக்கர்களையும் ரிசீவரின் மெனுவில் "ஸ்மால்" என்று அறிவித்து, கிராஸ்ஓவர் எண்ணை அங்கேயே கொடுத்து, சப்வூஃபரின் குமிழை அதன் உச்சத்துக்குத் திருகி வைப்பது. ஸ்மால் என்ற சொல் பலரைத் தடுமாற வைக்கிறது. மூன்றரை அடி டவர் ஸ்பீக்கர் வாங்கியவருக்கு அதைச் சிறியது என்று எழுத மனம் வருவதில்லை. அந்தச் சொல் ஸ்பீக்கரின் உருவத்தைக் குறிப்பதே இல்லை. "இதற்கு ஹை பாஸ் போடு, மிச்ச பேஸைச் சப்வூஃபருக்கு அனுப்பு" என்பதுதான் அதன் முழுப் பொருள்.

இந்த வழியில் லோ பாஸும் ஹை பாஸும் ஒரே சிப்புக்குள் கணக்கிடப்படுகின்றன. எண்ணை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன. ஐந்து தடங்களின் பேஸும் ஒன்றாகத் திரட்டப்பட்டு, எல்எஃப்இ தடத்தோடு கலந்து ஒரே கம்பியில் போகிறது. சிறிய ஸ்பீக்கர்களுக்கு இதனால் கிடைக்கும் நிம்மதி பெரிது. ஸ்பீக்கரின் கூம்பு 100 ஹெர்ட்ஸில் தரும் அதே ஒலியளவை 50 ஹெர்ட்ஸில் தர வேண்டுமானால் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். நாலங்குலக் கூம்புக்கு அந்த இடம் கிடையாது. பேஸும் வராது, அதே கூம்பு பாட வேண்டிய குரலும் கலங்கும். அந்தச் சுமையை எடுத்துவிட்டால் ரிசீவரின் ஆம்ப்ளிஃபையருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கிறது. ஒலி 3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட்ஸ் இரட்டிப்பாக வேண்டும் என்பது கணக்கு, அந்த வாட்ஸைப் பெருமளவு தின்பது பேஸ்தான்.

80 என்ற எண் பரவியதும் இந்த வழியில்தான். லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் டாம்லின்சன் ஹோல்மன் வகுத்த டிஎச்எக்ஸ் முறை, 1983-இல் திரையரங்குகளுக்காகத் தொடங்கிப் பின்னர் வீட்டுக் கருவிகளுக்கு வந்தபோது, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தது. அதன் உள்ளமைப்பு அழகானது: சப்வூஃபருக்கு ஆக்டேவுக்கு 24 டெசிபல் லோ பாஸ், ஸ்பீக்கருக்கு 12 டெசிபல் ஹை பாஸ் மட்டுமே. மீதி 12 டெசிபல், மூடிய பெட்டி ஸ்பீக்கர் தன் இயல்பிலேயே 80-க்குக் கீழே இறங்கும் சரிவிலிருந்து வந்து சேர்ந்துகொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். ஃபில்டர் வடிவமைப்பவர் ஸ்பீக்கரையும் ஃபில்டரின் ஒரு பாகமாக எண்ணியது எனக்கு இன்றும் பிடித்த விஷயம்.

இந்த வழியில் நேரும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான், அதை நானே எட்டு மாதம் அனுபவித்தேன். ரிசீவரைப் பொருத்த வந்தவர் கிராஸ்ஓவரை 80 என்று கொடுத்துவிட்டுப் போனார். படங்களில் வெடிச்சத்தம் வயிற்றில் இறங்கியது, ஆனால் பாட்டில் டிரம்ஸின் அடி மட்டும் காகிதத்தில் தட்டியது போலிருந்தது. சப்வூஃபரின் வால்யூமை ஏற்றினேன்; கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்; இறக்கினேன். ஒருநாள் ஒட்டடை அடிக்கும்போது கைபேசி வெளிச்சத்தில் பெட்டியின் முதுகைப் பார்த்தால், தூசிக்கு அடியில் குமிழின் வெள்ளைக் கோடு 60-ஐக் காட்டிக்கொண்டு நின்றது. ரிசீவர் வெட்டி அனுப்பியதை அந்தக் குமிழ் மறுபடி வெட்டிக்கொண்டிருந்தது. 60-க்கும் 80-க்கும் இடையில் இருக்க வேண்டியதைச் சப்வூஃபரும் முழுதாகத் தரவில்லை, ஹை பாஸ் போட்ட ஸ்பீக்கர்களும் தரவில்லை.

குமிழையும் ரிசீவரையும் ஒரே 80-இல் வைத்தால் பொருந்திவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. 24 டெசிபல் சரிவுள்ள இரண்டு ஃபில்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால், 80-இல் 6 டெசிபல் குறைய வேண்டிய இடத்தில் 12 குறைகிறது. 60-இலேயே இரண்டரைக்குப் பதில் ஐந்து டெசிபல் போய்விடுகிறது. போதாததற்கு ஒவ்வொரு ஃபில்டரும் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்துவதால், சப்வூஃபரும் ஸ்பீக்கரும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கூட்டாமல் கழிக்கவும் கூடும். ஆகவே ரிசீவர் வெட்டுகிறது என்றால் குமிழ் உச்சத்தில் இருக்க வேண்டும், அல்லது பைபாஸ் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிட வேண்டும். பல சப்வூஃபர்களில் எல்எஃப்இ என்று எழுதிய துளையில் கம்பியைச் செருகினாலே உள்ளே இருக்கும் ஃபில்டர் விலகிக்கொள்ளும். அப்போது குமிழ் எங்கே நின்றாலும் கவலையில்லை.

சப்வூஃபரின் குமிழிடம் விடுவது

இரண்டாவது வழியில் முன் ஸ்பீக்கர்கள் "லார்ஜ்" என்று அறிவிக்கப்படுகின்றன, அதாவது அவற்றுக்கு ஹை பாஸ் கிடையாது. அப்படியே விட்டால் இரண்டு தடப் பாட்டுக் கேட்கும்போது சப்வூஃபர் ஊமையாகிவிடும், ஏனெனில் ஸ்டீரியோ ஒலியில் எல்எஃப்இ தடம் இல்லை. அதைப் பேச வைக்க டெனானிலும் மராண்ட்ஸிலும் எல்எஃப்இ பிளஸ் மெயின் என்றும், யமஹாவில் எக்ஸ்ட்ரா பேஸ் என்றும், ஒன்கியோவில் டபுள் பேஸ் என்றும் ஒரு வசதி தரப்பட்டிருக்கிறது. அதைப் போட்டால் முன் ஸ்பீக்கர்களின் பேஸ் அவற்றிலும் ஒலிக்கும், சப்வூஃபரிலும் ஒலிக்கும். பெயரைக் கேட்டால் ஆசையாகத்தான் இருக்கிறது.

மூன்று பெட்டிகள் மூன்று இடங்களிலிருந்து ஒரே பேஸை வாசித்தால், உட்காரும் இடத்தைப் பொறுத்து ஓரிடத்தில் அது இரட்டிப்பாகும், இரண்டடி தள்ளி அது காணாமல் போகும். டவர் ஸ்பீக்கர்கள் உண்மையிலேயே 35, 40 ஹெர்ட்ஸ் வரை இறங்குபவையாக இருந்தால்கூட, அவற்றை ஸ்மால் என்று வைத்து 60-இல் வெட்டுவதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். டவர் ஸ்பீக்கரை நிற்க வைக்கும் இடம் குரலும் கருவிகளும் சரியாக விரியும் இடம். பேஸுக்கு ஏற்ற இடம் அறையில் வேறெங்கோ இருக்கும். சப்வூஃபரை மட்டும் அந்த வேறிடத்துக்கு நகர்த்த முடியும் என்பதுதான் அதைத் தனிப் பெட்டியாக வாங்கியதன் பயன்.

இந்த வழி சரியாகப் பொருந்தும் ஓர் அமைப்பு உண்டு. பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், இரண்டு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள், பின்னால் வாங்கிச் சேர்த்த ஒரு சப்வூஃபர். ஆம்ப்ளிஃபையரில் கிராஸ்ஓவர் என்ற பேச்சே இல்லை. ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே சப்வூஃபரின் ஹை லெவல் முனைகளுக்கு ஒரு கிளை எடுத்திருக்கிறது. இங்கே குமிழ்தான் எல்லாம். ஆனால் ஜோடி ஹை பாஸ் இல்லாததால் எண்ணைக் குறைத்து வைக்க வேண்டும். ஸ்பீக்கர் 55 ஹெர்ட்ஸ் வரை தானே இறங்குகிறது என்றால், அது களைக்கும் இடத்தில் சப்வூஃபர் தோள் கொடுத்தால் போதும். 50-இல் தொடங்கி, மெல்ல ஏற்றி, பேஸ் தடிக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்திவிடலாம். எங்கோ படித்த 80-ஐ இந்தக் குமிழில் வைப்பவர்களுக்குத்தான் "சப்வூஃபர் வாங்கியதிலிருந்து பாட்டு மந்தமாகிவிட்டது" என்ற குறை வருகிறது.

சவுண்ட்பாரோடு வரும் கம்பியில்லாச் சப்வூஃபர்களில் கட்-ஆஃப் தொழிற்சாலையிலேயே நிலைநிறுத்தப்பட்டிருக்கும். சப்வூஃபரின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். அதற்கு மேல் அங்கே தீர்மானிக்க ஒன்றுமில்லை.

ஃபில்டர் போர்டு வைத்துக் கட்டிய செட்

மூன்றாவது வழியை ஹோம் தியேட்டர் கட்டுரைகளில் அதிகம் பார்க்க முடியாது, ஆனால் சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கி ஆம்ப்ளிஃபையர் கட்டுபவர்களுக்கு இதுதான் முதல் வழி. 4558 ஐசி ஒன்று, இரட்டை அடுக்கு வால்யூம் கன்ட்ரோல் ஒன்று, 104 என்று அச்சிட்ட சில கெப்பாசிட்டர்கள், இவ்வளவுதான் சப்வூஃபர் ஃபில்டர் போர்டு. கட்-ஆஃபை நிர்ணயிப்பது ஒரு மின்தடையும் ஒரு கெப்பாசிட்டரும்: 1-ஐ, 2 பை பெருக்கல் மின்தடை பெருக்கல் கெப்பாசிட்டன்ஸால் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். 104 என்பது 0.1 மைக்ரோஃபாரட். அதனுடன் 10 கிலோ ஓம் நிலையான மின்தடையும் 50 கிலோ ஓம் கன்ட்ரோலும் தொடராக இருந்தால், கட்-ஆஃப் 159 ஹெர்ட்ஸிலிருந்து 26 ஹெர்ட்ஸ் வரை நகரும்.

கேட்கத் தாராளமான எல்லையாகத்தான் தெரிகிறது. ஆனால் சீரான பி வகைக் கன்ட்ரோலை நடுவில் நிறுத்திப் பார்த்தால், மின்தடை 35 கிலோ ஓம், கட்-ஆஃப் 45 ஹெர்ட்ஸ். அதாவது பயனுள்ள எண்கள் எல்லாம் குமிழின் ஒரு பாதிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. மறுபாதி 45-க்கும் 26-க்கும் இடையில் சும்மா சுற்றுகிறது. முகப்பில் 40, 80, 120 என்று சமதூரத்தில் எண் ஒட்டிய பெட்டிகளைப் பார்க்கும்போது சிரிப்பு வரும்.

இன்னொரு நுணுக்கம் காதில் நேரடியாக விழுவது. இந்தப் போர்டுகளில் வழக்கமான, ஒலியைப் பெருக்காத (கெயின் 1), ஆக்டேவுக்கு 12 டெசிபல் சரிவுள்ள இரண்டாம் நிலை சர்க்யூட்டில் இரண்டு மின்தடைகளும் சமமாகவும் இரண்டு கெப்பாசிட்டர்களும் சமமாகவும் இருந்தால், ஃபில்டர் தொடங்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே சரியத் தொடங்கிவிடும். 20 கிலோ ஓமும் 0.1-உம் வைத்து 80 ஹெர்ட்ஸ் என்று கணக்குப் போட்டவருக்கு, உண்மையில் 51 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் குறைந்திருக்கும். 80-க்கு வரும்போது 6 டெசிபல் போயிருக்கும். ஐசியின் வெளியீட்டிலிருந்து திரும்பி வரும் கெப்பாசிட்டரை 154 (0.15 மைக்ரோஃபாரட்) ஆகவும், கிரவுண்டுக்குப் போகும் கெப்பாசிட்டரை 683 (0.068 மைக்ரோஃபாரட்) ஆகவும் மாற்றினால், கணக்கிட்ட அதிர்வெண் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க, சரிவு தொடங்கும் தோள்பட்டை நிமிர்ந்துவிடும். இரண்டு சில்லறைக் கெப்பாசிட்டர்களின் விலையில் நடக்கும் இந்தத் திருத்தத்தைப் புதிய போர்டு வாங்குவதற்கு முன் செய்து பார்ப்பது நல்லது.

இவ்வளவு செய்தாலும் ஜோடி இல்லை என்ற குறை அப்படியேதான் இருக்கிறது. சாட்டிலைட் எனப்படும் சிறிய ஸ்பீக்கர்களுக்கு முழு ஒலியும் போய்க்கொண்டிருக்கும். ஸ்பீக்கர் கம்பியில் தொடராகப் பெரிய கெப்பாசிட்டர் போடுவது பலர் செய்யும் வழி. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 ஹெர்ட்ஸில் வெட்ட ஏறக்குறைய 200 மைக்ரோஃபாரட் தேவைப்படும், அதிலும் முனைவேறுபாடு இல்லாத வகை. ஸ்பீக்கரின் மின்தடுப்பு பேஸ் பகுதியில் எட்டாகவே நிற்பதுமில்லை என்பதால் கணக்கு பொய்த்துவிடும். இதைவிட எளிய இடம் ஆம்ப்ளிஃபையர் போர்டின் நுழைவாயில். டிடிஏ7294 போர்டுகளில் உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் 0.47 மைக்ரோஃபாரட், மின்தடை 22 கிலோ ஓம் என்பது அந்த ஐசியின் தயாரிப்பாளர் தரும் சர்க்யூட். அது 15 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் உள்ளே விடும். சாட்டிலைட்டுகளை ஓட்டும் போர்டுகளில் மட்டும் அந்த 0.47-ஐ எடுத்துவிட்டு 683 ஒன்றைப் பற்றவைத்தால் 106 ஹெர்ட்ஸில் ஒரு ஹை பாஸ் கிடைத்துவிடுகிறது. ஆக்டேவுக்கு 6 டெசிபல் என்ற மெல்லிய சரிவுதான். ஆனால் நாலங்குல ஸ்பீக்கரின் சொந்தச் சரிவும் சேர்ந்துகொள்வதால் போதுமான அளவு வேலை செய்கிறது.

5.1 ஒலியைத் தனித்தனித் தடங்களாகப் பிரிக்கும் டிகோடர் போர்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் சப்வூஃபர் வெளியீடு ஏற்கெனவே ஃபில்டர் ஆன ஒலியாக இருக்கக்கூடும். அதை மறுபடி ஃபில்டர் போர்டுக்குள் நுழைத்தால் என் வீட்டுக் குமிழின் கதைதான்.

இனி எண்ணுக்கு வரலாம்

வெட்டும் இடம் தீர்மானமான பிறகு 60, 80, 100, 120 என்பவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஒரு குரலை வைத்துப் பார்ப்பது எனக்கு எளிதாக இருக்கிறது. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். அவர் மந்திர ஸ்தாயி பஞ்சமத்துக்கு இறங்கினால் 98. ரிசீவரில் கிராஸ்ஓவரை 80-இல் வைத்தால், சப்வூஃபரில் அந்த ஷட்ஜம் 18 டெசிபல் குறைந்தும் பஞ்சமம் 10 டெசிபல் குறைந்தும் கேட்கும். குரல் அதன் இடமான முன் ஸ்பீக்கர்களிலேயே நிற்கும். 120-இல் வைத்தால் ஷட்ஜம் 8 டெசிபல்தான் குறைகிறது, மந்திர பஞ்சமமோ வெறும் 3. பாடகர் கீழே இறங்கும்போதெல்லாம் குரலின் அடிப்பாகம் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் பெட்டிக்கு நகர்ந்துவிடும். ஆலாபனை கேட்கும்போது இந்த நகர்வு வெடிச்சத்தத்தில் தெரியாத அளவுக்குத் துல்லியமாகத் தெரியும்.

80-இல் ஒலியலையின் நீளம் நம் ஊர் வெப்பத்தில் நாலேகால் மீட்டருக்குச் சற்று மேல். சிறிய அறையில் அவ்வளவு நீண்ட அலை எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம். 100-ஐத் தாண்டினால் மெல்லத் தெரியத் தொடங்கும். எனவே 120-க்கு மேல் வைத்தே ஆக வேண்டிய மூன்றங்குலச் சாட்டிலைட் செட் உள்ளவர்கள், சப்வூஃபரை மூலையில் ஒளித்து வைக்காமல் டிவிக்கு அருகிலேயே, முன் ஸ்பீக்கர்களுக்கு நடுவில் வைக்க வேண்டும். அவர்களுக்கு 80 என்பது தரமான தேர்வே அன்று. ஸ்பீக்கரால் முடியாத 80-க்கும் 150-க்கும் இடைப்பட்ட பகுதியை யாருமே வாசிக்காமல் போய்விடும்.

ஃபில்டர் போர்டில் சரிவு 12 டெசிபல் மட்டுமே என்பதால் கணக்கு மாறுகிறது. அங்கே 80-இல் வைத்தால் அதே ஆதார ஷட்ஜம் 9 டெசிபல்தான் குறையும், ரிசீவரில் 120-க்கு அருகில் வைத்தது போன்ற கசிவு. 60-க்கு இறக்கினால் 14 டெசிபல் வரை குறைகிறது. கட்டிய செட்டில் நான் 60-ஐ ஒட்டியே வைப்பதற்கு இதுதான் காரணம்.

ஸ்பீக்கரின் விவரத்தாளில் "55 ஹெர்ட்ஸ் முதல்" என்று இருப்பதைப் பார்த்து எண்ணைத் தேர்வு செய்பவர்கள், பக்கத்தில் 3 டெசிபல் என்று எழுதியிருக்கிறதா, 10 டெசிபலா, அல்லது எதுவுமே இல்லையா என்று பார்க்க வேண்டும். 10 டெசிபல் குறைந்த இடத்தை எல்லையாகக் காட்டும் தாள்கள் நிறைய உண்டு. உண்மையான எல்லைக்கு ஒன்றரை மடங்கு மேலே கிராஸ்ஓவர் இருந்தால் இருபுறமும் சரிவுகள் ஒழுங்காகச் சந்திக்கும்: 55-க்கு 80, 70-க்கு 100. மைக் வைத்து அளக்கும் தானியங்கி அமைப்பு சில நேரம் சுவரை ஒட்டிய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரையும் லார்ஜ் என்றோ 40 என்றோ அறிவித்துவிடும், சுவர் பேஸைத் தூக்கிக் காட்டுவதால். அதை 80-க்கு ஏற்றுவதில் நஷ்டமில்லை. அது 100 என்று சொன்னதை நாமாக 60-க்கு இறக்குவதுதான் தவறு, அந்த இடத்தில் ஸ்பீக்கரிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்பதை அது அளந்துதான் சொல்லியிருக்கிறது.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி எண் தர ரிசீவர் அனுமதித்தால் பின் ஸ்பீக்கர்களுக்கு 100, 120 என்று தாராளமாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே எண்தான் என்றால், வசனம் வரும் சென்டர் ஸ்பீக்கருக்குப் பொருந்துவதை வைத்துவிட்டுப் பின்னால் இருப்பவற்றின் சிறு குறையைப் பொறுத்துக்கொள்வது என் தேர்வு.

அறை அதிர்ந்து ஒரே சுருதியில் "பூம்" என்று நிற்கிறது, அதனால் 80-இலிருந்து 60-க்கு இறக்குகிறேன் என்பவர்களுக்குக் கட்-ஆஃப் உதவாது. பன்னிரண்டுக்குப் பத்தடி அறையில், சுவருக்குச் சுவர் அலை மோதி எழும் முதல் அதிர்வுகள் ஏறக்குறைய 48 ஹெர்ட்ஸிலும் 57 ஹெர்ட்ஸிலும் விழுகின்றன. கூரையும் பத்தடி என்றால் 57-இல் இரண்டு அதிர்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. அவை 60-க்கும் கீழேதான் இருக்கின்றன. எந்த எண்ணை வைத்தாலும் சப்வூஃபர் அவற்றைத் தட்டி எழுப்பும். பெட்டியை மூலையிலிருந்து இரண்டடி இழுத்துப் பார்ப்பதும், சோபாவைப் பின்சுவரிலிருந்து தள்ளிப் போடுவதும்தான் அதற்கு மருந்து.

எல்எஃப்இ தடத்தின் லோ பாஸை 120-இலேயே விட்டுவிட வேண்டும். 5.1 ஒலியில் அந்தத் தடம் 120 ஹெர்ட்ஸ் வரை பதிவாகிறது, வாசிக்கும்போது மற்றத் தடங்களைவிட 10 டெசிபல் கூட்டி வாசிக்கப்படுகிறது. கிராஸ்ஓவர் 80 என்பதால் இதையும் 80 ஆக்கினால் ஒழுங்காக இருக்கும் என்று தோன்றலாம். கிராஸ்ஓவரில் 80-க்கு மேல் வெட்டுப்படுவது முன் ஸ்பீக்கர்களில் ஒலிக்கும். எல்எஃப்இ-யில் 80-க்கு மேல் வெட்டுப்படுவது எங்கும் ஒலிக்காது, அதோடு போயிற்று. எனக்குத் தெரிந்தவரை அதைக் குறைப்பதற்கு ஒரே நியாயமான காரணம், மேலே ஏறினால் கரகரக்கும் மிகச் சாதாரணமான சப்வூஃபர் மட்டுமே.

எண்ணை மாற்றிய ஒவ்வொரு முறையும் பேஸ் சுவிட்ச் அல்ல, சப்வூஃபர் கூம்பின் அசைவைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சைத்தான் மறுபடி சரிபார்க்க வேண்டும் (உச்சரிப்பில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் கடையில் நடக்கும் குழப்பங்கள் தனிக்கதை). கிராஸ்ஓவர் எண் எதுவோ அதே அதிர்வெண்ணில் ஒரு சோதனை ஒலியை ஓடவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, வேறொருவரை விட்டு 0, 180 என்று மாற்றச் சொல்லி, உரக்கக் கேட்கும் நிலையில் விட்டுவிடலாம். அளவிடும் ரிசீவர் சப்வூஃபரின் தூரத்தை உண்மையைவிட ஒரு மீட்டர் கூடுதலாகக் காட்டினால் அதைத் திருத்தக் கூடாது. சப்வூஃபருக்குள் இருக்கும் சர்க்யூட்டின் தாமதத்தையும் தூரமாகவே அது எண்ணுகிறது, ஒரு மில்லி விநாடிக்கு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் என்ற விகிதத்தில்.

கடைசியாக, எந்த வழியில் வெட்டியிருந்தாலும் செய்து பார்க்க ஒரு சோதனை. செட்டை அணைத்துவிட்டு, சப்வூஃபரைத் தவிர மற்ற ஸ்பீக்கர்களின் கம்பிகளைக் கழற்றி, ஒன்றோடொன்று உரசாமல் ஒதுக்கி வைத்து, மறுபடி போட்டு, ஆண் குரலில் வாசிக்கும் செய்தி ஒன்றை வழக்கமான வால்யூமில் ஓடவிட வேண்டும். பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது போன்ற முனகல் மட்டும் கேட்டால் கட்-ஆஃப் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. என்ன செய்தி என்று புரிந்தால் எண்ணை இன்னும் இறக்க வேண்டும், அல்லது சாட்டிலைட்டுகளின் பலவீனத்தால் இறக்க முடியாது என்றால் சப்வூஃபரைத் தூக்கி டிவிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.